எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிய பழைய புல்லட்டுக்கு டைமிங் வைப்பது எப்படி?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா ஓட்டிய எண்பதுகளின் புல்லட் 350, இரும்பு சிலிண்டர், நாலு கியர். பொறியைத் தட்டிவிடும் பழைய பாயிண்ட் செட்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் மாட்டியிருக்கிறார். அன்றிலிருந்து கிக்கர் அவ்வப்போது திருப்பி அடிக்கிறது. பண்ணாரி தாண்டித் திம்பம் மலை ஏறும்போது மூன்றாவது கியரில் 'கிண் கிண்' என்று சத்தம். மேலே போய் நிறுத்தினால் ஹெட் பக்கம் கையே வைக்க முடியவில்லை. கிட்டை மாட்டிக் கொடுத்தவரோ, "பொட்டி மாட்டியாச்சுங்க, இனி டைமிங் பாக்கற வேலையே இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அவர் சொன்னதில் பாதி சரி. பாயிண்ட் தேயாது, கண்டென்சர் போகாது, அடிக்கடி ஃபில்லர் கேஜை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஒருமுறை வைத்த டைமிங், அதாவது பொறி விழும் நேரம், லேசில் நகராது. ஆனால் அந்த ஒருமுறையை யாராவது ஒழுங்காக வைத்திருக்க வேண்டுமே! பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. சுற்றுகிற மேக்னட், பிக்கப் காயிலைக் கடக்கும்போது ஒரு சிக்னல் போகும். அதை நம்பித்தான் பெட்டி பொறி விடுகிறது. அந்தக் காயிலைத் தாங்கும் பிக்கப் பிளேட் தப்பான இடத்தில் இருந்தால், அதே தப்பைச் சுற்றுக்குச் சுற்று பிசகாமல் செய்துகொண்டே இருக்கும். உங்கள் வண்டி சொல்லும் மூன்று அடையாளங்களும் அட்வான்ஸ் அதிகம், அதாவது பொறி வேண்டியதைவிட முன்கூட்டியே விழுகிறது என்ற பக்கமே கைகாட்டுகின்றன.

எவ்வளவு அதிகம், எதனால் அதிகம் என்று பார்ப்பதற்கு முன் ஒரு விஷயம். உங்கள் கிட் எந்த வகை? சந்தையில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பாயிண்டுக்குப் பதிலாக மட்டும் வேலை செய்யும். பொறியைத் தட்டிவிடுவதோடு சரி, வேகத்துக்கு ஏற்ப அட்வான்ஸ் கொடுப்பது பழைய எடைக்குண்டுகளும் ஸ்பிரிங்கும்தான். இரண்டாவது வகையில் அட்வான்ஸையும் பெட்டியே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். இதை மாட்டும்போது பழைய எடைக்குண்டுகளைக் கழற்றிவிட வேண்டும், அல்லது அசையாமல் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் விட்டால் பெட்டி ஒரு அட்வான்ஸ் கொடுக்கும், குண்டுகள் அதன் மேல் இன்னொன்று கொடுக்கும். ஸ்லோவில் ஒன்றும் தெரியாது. வேகம் ஏற ஏற இரண்டும் கூடி, மலை ஏற்றத்தில் கிண் கிண் என்று தட்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கவரைத் திறந்து இதைத்தான் பார்ப்பேன்.

முதல் வகை என்றால் அந்த ஸ்பிரிங்குகளைக் கவனியுங்கள். நாற்பது வருட ஸ்பிரிங். தொய்ந்துபோயிருந்தாலோ, குண்டுகள் துருவில் விரிந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தாலோ, இன்ஜின் நிற்கும்போதே முழு அட்வான்ஸில் நிற்கும். அந்த நிலையில் உதைத்தால் பிஸ்டன் மேலே வருவதற்கு ரொம்ப முன்னாடியே பொறி விழுந்து, வெடிப்பு பிஸ்டனைத் திருப்பித் தள்ளும். கிக்கர் காலை அடிப்பது அதனால்தான். குண்டுகள் திருப்பும் கேமை விரலால் திருப்பி விடுங்கள். தானாகத் திரும்பி வந்து 'டக்'கென்று உட்கார வேண்டும். சோம்பலாக வந்தால் கழற்றிச் சுத்தம் செய்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

அட்வான்ஸ் எதற்கு என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் கணக்குக்கு உதவும். பெட்ரோல் கலவை எரிந்து முடிய நேரம் பிடிக்கும். பிஸ்டன் டாப்பை, அதாவது தன் உச்ச நிலையை, தாண்டிப் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் இழுவை கிடைக்கும். அதற்காகப் பொறியை டாப்புக்கு முன்பே விட வேண்டும். 1000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லி செகண்டுக்குள் கிராங்க் 6 டிகிரி திரும்பும். 4000-ல் அதே நேரத்துக்குள் 24 டிகிரி. அதனால்தான் வேகம் கூடக் கூட முன்கூட்டியே விட வேண்டியிருக்கிறது.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் சில பரிசோதனைகள். பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா? வோல்டேஜ் இறங்கினால் சில பெட்டிகள் தாறுமாறாகப் பொறி விடும், கிக்கர் அதற்கும் திருப்பி அடிக்கும். உங்களுடையது இன்னும் 6 வோல்ட் வண்டியாக இருந்து, மாட்டியது 12 வோல்ட் கிட்டாக இருந்தால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், முதலில் அதைச் சரி செய்யுங்கள். பிக்கப் காயிலிலிருந்து வரும் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். மாறினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் பெட்டி சிக்னலின் தப்பான விளிம்பைப் பிடித்துக்கொள்வதால் டைமிங் பல டிகிரி தள்ளிப்போகும். பிளேட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாக வராமல் பாடாய்ப் படுத்தும். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே காற்று இழுக்கிறதா என்பதும் முக்கியம். கலவை மெலிந்தாலும் ஹெட் சூடாகும், தட்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை நிர்ணயிக்கும் துளை) அது இன்னும் கொஞ்சம் மெலிவாகவே எரியும். பிளக் வெள்ளையாக வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிவிட்டு டைமிங்குக்கு வாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் சரி செய்தது என்றே தெரியாது.

சரி, இனி வேலை. முதல் வேலை டாப்பைக் கண்டுபிடிப்பது. எல்லாரும் அவசரப்படுகிற இடமும் இதுதான். பிளக் ஓட்டையில் ஸ்குரூடிரைவரையோ சைக்கிள் போக்ஸ் கம்பியையோ விட்டு, மேலே வந்து நிற்பதுதான் டாப் என்று கோடு போடுவார்கள். புல்லட்டில் பிளக் ஓட்டை சாய்வாக இருக்கிறது, கம்பியும் சாய்ந்துதான் நிற்கும். அதைவிடப் பெரிய சிக்கல், டாப்பில் பிஸ்டன் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. 90 மி.மீ ஸ்ட்ரோக் உள்ள இந்த இன்ஜினில் டாப்பிலிருந்து 2 டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் இறங்குவது ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குதான். கம்பியைப் பிடித்திருக்கும் விரலுக்கு அது தெரியவே தெரியாது.

அதனால் பிஸ்டனை ஒரே இடத்தில் முட்டி நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப் ஒன்று செய்துகொள்ளுங்கள். கோவை, ஈரோடு, திருப்பூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே மரை போட்டு, நுனியை உருண்டையாகக் கடைந்த போல்ட் ஒன்றை இறக்கித் தரச் சொல்லுங்கள். காற்று வெளியேற நடுவில் ஒரு சிறு துளையும் இருக்கட்டும். டிகிரி வீலுக்கு, 360 டிகிரி அச்சிட்ட வட்டத் தாளை மெல்லிய அலுமினியத் தகட்டில் ஒட்டினால் போதும். லேசர் கட்டிங் செய்கிற இடம் தெரிந்தால் கோடுகளோடு வெட்டியே வாங்கிவிடலாம், காலத்துக்கும் இருக்கும்.

இடது பக்கம் பிரைமரி கவரைக் கழற்றுங்கள். நடுவில் ஒரே நட்டுதான். எண்ணெய் வடியும், கீழே தட்டு வையுங்கள். கிராங்கின் முனையில் ஆல்டர்னேட்டர் ரோட்டர் தெரியும். டிகிரி வீலை அந்த நட்டோடு சேர்த்துப் பிடிக்க வையுங்கள். ஸ்டேட்டர் போல்ட் ஒன்றில் ஒரு கம்பியைக் கட்டி, நுனியைக் கூராக்கி, வீலின் கோட்டைத் தொடுகிற மாதிரி வளையுங்கள். அதுதான் முள். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் திருப்பினால் இன்ஜின் மெதுவாகத் திரும்பும்.

இது நாலு ஸ்ட்ரோக் வண்டி என்பதை மறக்காதீர்கள். பிஸ்டன் இரண்டு முறை மேலே வரும், நமக்கு வேண்டியது கம்ப்ரஷன் டாப். வலது பக்கம் சிலிண்டர் அடியில் உள்ள டேப்பட் கவரைத் திறந்தால் இரண்டு புஷ்ராடும் தெரியும். இரண்டும் விரலால் லேசாகச் சுற்றினால், இரண்டு வால்வும் மூடியிருக்கின்றன, அது கம்ப்ரஷன். ஒன்று இறுக்கமாக இருந்தால் இன்னொரு சுற்று திருப்புங்கள். இதைப் பார்க்காமல் ஸ்டாப்பை இறக்கினால் அது பிஸ்டனில் முட்டுவதற்குப் பதிலாக வால்வில் முட்டக்கூடும்.

கம்ப்ரஷன் பக்கத்தில் பிஸ்டன் டாப்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்படி வைத்துக்கொண்டு ஸ்டாப்பை மாட்டுங்கள். சக்கரத்தை மெதுவாக முன்னே திருப்புங்கள், முட்டி நிற்கும். முள் காட்டும் எண்ணைக் குறியுங்கள். பிறகு பின்னோக்கித் திருப்புங்கள், கிராங்க் கிட்டத்தட்ட முழுச் சுற்று போய் மறுபக்கம் முட்டும். அதையும் குறியுங்கள். ஒரு பக்கம் 31, மறுபக்கம் 39 என்று வந்தால் வீல் 4 டிகிரி தள்ளி இருக்கிறது. வீலை மட்டும் தளர்த்தி 4 டிகிரி நகர்த்தி, இரண்டு பக்கமும் 35 வரும் வரை சரி செய்யுங்கள். இப்போது பூஜ்யம் காட்டும் இடம்தான் உண்மையான டாப். கிக்கரை மிதித்து இதைச் செய்யாதீர்கள். அலுமினிய பிஸ்டன், பள்ளம் விழும்.

ஸ்டாப்பைக் கழற்றிவிட்டு, ரோட்டரில் வெள்ளை நெயில் பாலிஷால் இரண்டு கோடு போடுங்கள். ஒன்று டாப், மற்றது உங்கள் கிட்டின் தாளில் சொல்லியிருக்கும் முழு அட்வான்ஸ் டிகிரி. இடப்பக்கமிருந்து பார்த்தால் கிராங்க் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். முள்ளை முதலில் கடக்க வேண்டியது அட்வான்ஸ் கோடு, அதற்குப் பிறகுதான் டாப் கோடு. மாற்றிப் போட்டுவிட்டால் டாப்புக்குப் பிறகு பொறி விழும்படி நீங்களே அழகாக செட் செய்துவிடுவீர்கள்.

பாயிண்ட் காலத்தில் இந்த வண்டிக்குச் சொன்ன அளவு, குண்டுகள் மூடிய நிலையில் டாப்புக்கு 0.8 மி.மீ முன்பு. டிகிரியில் அது ஏறத்தாழ 10. முதல் வகை கிட்டுக்குத் தாளில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் இதிலிருந்தே தொடங்கலாம். இரண்டாவது வகைக்கு இந்த அளவைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள், அதன் கணக்கு வேறு.

பிளேட்டை நகர்த்தும்போது ஒன்றை மனதில் வையுங்கள். பாயிண்ட் இருந்த அச்சு கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. பிளேட்டில் 1 டிகிரி திருப்பினால் கிராங்கில் 2 டிகிரி. பிளேட்டின் குறுக்களவு 50 மி.மீ என்று வைத்துக்கொண்டால், ஓரத்தில் 1 மி.மீ நகர்த்துவது கிராங்கில் நாலரை டிகிரி! "லேசா ஒரு தட்டுத் தட்டி வெச்சேங்க" என்று சொல்வார்களே, அந்த லேசான தட்டிலேயே வண்டியின் குணம் மாறிவிடும். பழைய இடம் தெரியும்படி பிளேட்டிலும் உடம்பிலும் சேர்த்து ஒரு கீறல் போட்டுவிட்டு, அரை மில்லிமீட்டருக்குள் நகர்த்திப் பழகுங்கள். எந்தப் பக்கம் நகர்த்தினால் அட்வான்ஸ் என்று குழம்பினால், அச்சு சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதோடு சேர்த்துத் திருப்பினால் ரிட்டார்ட், அதாவது பொறி தாமதமாக விழும்.

பாயிண்டுக்கு பல்பு கட்டி, அணையும் இடத்தைப் பார்த்து நின்றபடியே டைமிங் வைப்போம். பல கிட்டுகளில் அது நடக்காது, மேக்னட் ஓடினால்தான் சிக்னலே வரும். சிலவற்றில் சிறிய எல்இடி வைத்திருக்கிறார்கள், அது இருந்தால் ஆரம்ப செட்டிங்குக்குப் போதும். எப்படியானாலும் கடைசி வார்த்தை டைமிங் லைட்டுடையதுதான். நம் ஊர் நூற்பு மில்களில் ஸ்பிண்டில் வேகம் பார்க்க ஸ்ட்ரோபோஸ்கோப் வைத்திருப்பார்கள், தத்துவம் அதேதான்: சுற்றுகிற பொருளை மின்னலடித்து நிற்கிற மாதிரி காட்டுவது. மில்லில் தெரிந்தவரிடம் கேட்டு அதையே வாங்கி வந்துவிடாதீர்கள். அது தன் வேகத்தில் மின்னும். நமக்கு வேண்டியது பிளக் ஒயரில் கிளிப் மாட்டி, பொறி விழும் அந்தக் கணத்தில் மட்டும் மின்னுகிற லைட்.

லைட்டுக்குக் கரன்ட்டை வண்டி பேட்டரியிலிருந்து எடுக்காமல் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கொடுங்கள். கிளிப்பில் உள்ள அம்பு பிளக்கைப் பார்த்து இருக்கட்டும். லைட்டில் அட்வான்ஸ் திருகு இருந்தால் பூஜ்யத்தில் வைத்துவிடுங்கள், நம்மிடம்தான் கோடு இருக்கிறதே. பெரிய டிகிரி வீலைக் கழற்றிவிட்டு, நட்டைத் திரும்ப முறுக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கவர் இல்லாமல் செயினும் கிளட்சும் திறந்து கிடக்கும். லுங்கி கட்டிக்கொண்டு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் குனியவே கூடாது. செயினுக்கு எண்ணெய் இல்லை என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். சாயங்கால வெளிச்சத்தில் செய்தால் கோடு நன்றாகத் தெரியும்.

முதலில் ஸ்லோவில் பாருங்கள். கோடு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். முன்னும் பின்னும் துள்ளினால் மேக்னட்டுக்கும் பிக்கப் காயிலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சரியில்லை, அல்லது அச்சின் புஷ் தேய்ந்து ஆடுகிறது. அதற்கு டைமிங் வைத்துப் பயனில்லை. பிறகு மெதுவாக ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். கோடு நகர்ந்துகொண்டே போய், ஒரு வேகத்துக்கு மேல் நின்றுவிடும். அந்த நின்ற இடம்தான் முழு அட்வான்ஸ். முள்ளுக்கு நேராக நீங்கள் போட்ட அட்வான்ஸ் கோடு வர வேண்டும். ஸ்லோவில் ஒன்றிரண்டு டிகிரி அப்படி இப்படி இருந்தாலும் பரவாயில்லை. முழு அட்வான்ஸ் மட்டும் தாண்டவே கூடாது, மலையில் பிஸ்டனைக் காப்பாற்றுவது அதுதான். வேகம் கூடியும் கோடு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மேலே சொன்ன இரட்டை அட்வான்ஸைத்தான்.

பிளக்கைக் கழற்றிப் பொறி பார்க்க வேண்டியிருந்தால் அதன் உடம்பு ஹெட்டில் நன்றாகப் பட்டிருக்கட்டும். எர்த் இல்லாமல் அந்தரத்தில் விட்டு உதைத்தால் பொறி வேறு வழி தேடும், பெட்டியே போய்விடலாம். பிளக் கேப் ரெசிஸ்டர் உள்ளதாக இருப்பது நல்லது.

எல்லாம் பூட்டி, பிரைமரிக்கு எண்ணெய் விட்டு, ரோட்டுக்கு வாருங்கள். சோதிக்க உடனே திம்பத்தின் 27 கொண்டை ஊசிக்குப் போக வேண்டாம். காட்டுக்கு நடுவே நின்றுபோனால் யானைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பைபாஸ் மேம்பாலம் ஒன்றே போதும். மூன்றாவது கியர், நாற்பது கிலோமீட்டர் வேகம், ஏற்றத்தில் திராட்டிலைச் சட்டென்று முறுக்குங்கள். தட்டினால் ஒரு டிகிரி பின்னே கொண்டுவாருங்கள். தட்டவில்லை, ஆனால் இழுவை மந்தம், சைலன்சர் பைப் நீலம் பாய்கிறது என்றால் ரிட்டார்ட் அதிகம். ரிட்டார்ட் ஆனாலும் இன்ஜின் சூடாகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சூட்டைப் பார்த்துப் பயந்து மேலும் மேலும் பின்னே தள்ளி, வண்டியை மாட்டு வண்டி ஆக்கிவிடுவார்கள். டேப்பட் சத்தத்தையும் நாக்கிங்கையும் (அந்தக் 'கிண் கிண்') குழப்பிக்கொள்ளாதீர்கள். டேப்பட் ஸ்லோவிலும் கேட்கும். நாக்கிங் பாரம் ஏறும்போது மட்டும் வரும், திராட்டிலை விட்டால் உடனே நின்றுவிடும்.

கடைசியாகக் கிக் பழக்கம். அப்பா எப்படி ஸ்டார்ட் செய்தார் என்று பார்த்திருப்பீர்கள். ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபடி கிக்கரை மெதுவாக அழுத்துவார், பாயிண்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வரும். சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து டாப்பை லேசாகத் தாண்டவிட்டு, லீவரை விட்டு, ஒரே உதை. எலக்ட்ரானிக் கிட்டில் பெரும்பாலும் அந்த முள் அப்படி ஆடாது, அதை நம்பி நிற்காதீர்கள். காலுக்குக் கம்ப்ரஷன் தெரியும். அழுத்தம் உச்சத்துக்கு வரும் இடத்தில் டீகம்ப்ரசரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, கிக்கரை முழுக்க மேலே எடுத்து வந்து, பாதியில் நிறுத்தாமல் அடி வரை உதையுங்கள். பெட்டி விழித்துக்கொள்ளக் குறைந்தபட்ச வேகம் ஒன்று வேண்டும், அரை மனதான உதை அதற்குப் போதாது. இவ்வளவுக்குப் பிறகும் திருப்பி அடித்தால் பிளேட்டைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று மீட்டர் வைத்துப் பாருங்கள், அப்புறம் இக்னிஷன் சுவிட்சின் காண்டாக்டுகளைச் சுத்தம் செய்யுங்கள்.